பெயருள்ள இசையும் பெயரற்ற இசையும்: வியன்னா, தஞ்சை, யாழ்ப்பாணத் தீவகம் – ஓர் ஒப்பியல் நோக்கு

1

நத்தார் நள்ளிரவுப் பூசையிலே தீவகத்துக் கத்தோலிக்கர் பாடும் பாட்டுக்களுள், அமைதியான இரவைப் போற்றும் தாலாட்டுப் போன்ற பாட்டொன்று உண்டு. ஊர்காவற்றுறையிலும் கரம்பொன்னிலும் அதனைத் தமிழ்ப்பாட்டாகவே அறிவர். அது 1818ஆம் ஆண்டு மார்கழி 24ஆம் நாளிரவு, ஒஸ்திரியாவில் சால்ஸ்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஓபர்ண்டோர்ஃப் என்னும் சிற்றூரில் முதன்முதலாகப் பாடப்பெற்றது. சொற்களை யாத்தவர் ஜோசப் மோர் என்னும் உதவிக்குரு. மெட்டமைத்தவர் பிரான்ஸ் சேவர் குரூபர் (1787–1863). நெசவுத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்து கிராமப் பாடசாலை ஆசிரியராகவும் கோவிலில் ஓகன் வாசிப்பவராகவும் சீவித்தவர் அவர்.

அப்பாட்டுப் பரவிய வேகத்திலே ஆக்கியோன் பெயர் உதிர்ந்துபோயிற்று. இத்துணை இனிய மெட்டு ஒரு பெரிய மேதையினுடையதாகவே இருத்தல் வேண்டும் என எண்ணிய ஐரோப்பியர், அதனை ஹைடனுடையது என்றும் மொசார்ட்டினுடையது என்றும் பீத்தோவனுடையது என்றும் கூறினர். 1854இல் பேர்ளின் அரசவை இசைக்குழுவினர் இதுபற்றி விசாரித்தபோதே குரூபர் தமது கையாற் பாட்டின் வரலாற்றை எழுதியனுப்பினார். அதன் பின்னரும் ஐயம் முற்றாகத் தீரவில்லை.

சிறிய செய்தியாயினும் இது ஒரு பெரிய வினாவை எழுப்புகின்றது. இசை வரலாற்றிலே சிலருக்குப் பெயரும் பலருக்குப் பெயரின்மையும் வாய்ப்பது எதனால்? ஆற்றல் வேறுபாடு மட்டுமே காரணமா? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வியன்னாவிலும் தஞ்சையிலும் யாழ்ப்பாணத் தீவகத்திலும் இசை இயங்கிய முறையை ஒப்புநோக்கி, இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஐரோப்பிய இசையின் செவ்வியற்காலம் எனப்படுவது நிலமானிய அமைப்பு தளர்ந்து மத்தியதர வர்க்கம் தலையெடுத்த காலமாகும். அக்காலத்து இசையாசிரியர் மூவரின் வாழ்க்கையை வரிசைப்படுத்தி நோக்கின், அம்மாற்றம் தெற்றெனப் புலப்படும்.

ஜோசப் ஹைடன் (1732–1809) வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளியின் மகன். 1761இல் எஸ்ரர்ஹாசி பிரபுக் குடும்பத்திற் சேவகத்துக்கு அமர்ந்தார். அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின்படி அவர் சீருடை அணிதல் வேண்டும். நாள்தோறும் பிரபுவின் கட்டளைக்குக் காத்திருத்தல் வேண்டும். இயற்றிய இசையைப் பிறருக்குக் கொடுத்தலாகாது. அவருடைய கைவினை பிரபுவின் உடைமையாயிருந்தது. 1779இல் எழுதப்பெற்ற புதிய ஒப்பந்தத்தில் அத்தடை நீங்கிற்று. 1790இல் பிரபு இறந்தபின் இலண்டனுக்குச் சென்ற ஹைடன், கட்டணம் செலுத்திக் கேட்கவந்த பொதுமக்களுக்காகத் தமது கடைசிப் பன்னிரண்டு சிம்பனிகளை இயற்றினார். ஒரே வாழ்நாளிற் சேவகன் என்னும் நிலையிலிருந்து ஆசிரியன் என்னும் நிலைக்கு அவர் வந்து சேர்ந்தார்.

மொசார்ட் (1756–1791) அவ்வாறு காத்திருக்கவில்லை. 1781இல் சால்ஸ்பேர்க் பேராயரின் சேவகத்தை உதறி வியன்னாவிற் சுயாதீனமாகச் சீவிக்க முற்பட்டார். சந்தை இன்னும் முதிராத காலமாதலால் கடனுடனேயே மாண்டார். பீத்தோவன் (1770–1827) இருநிலைக்கும் இடையே நின்றார். 1809இல் பிரபுக்கள் மூவர் ஆண்டுக்கு 4000 புளோரின் வழங்க உடன்பட்டனர். அதற்கு ஈடாக அவர் வியன்னாவை விட்டகலாதிருத்தலே நிபந்தனை. இன்னதை இயற்றுக எனப் பணிக்கும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. பதிப்பாளரோடு அவர் விலை பேசினார். ஆக்கங்களுக்கு எண் இட்டார். 1804இல் நெப்போலியன் தன்னைச் சக்கரவர்த்தியாகப் பிரகடனஞ் செய்தபோது, மூன்றாம் சிம்பனியின் முகப்பில் எழுதியிருந்த அவன் பெயரை அழித்தார். ஒரு பெயரை எழுதவும் அழிக்கவும் தமக்கு உரிமையுண்டு என ஓர் இசையாசிரியன் கருதியமை, ஹைடனின் முதல் ஒப்பந்தக் காலத்தில் நினைத்தும் பார்க்கவியலாத ஒன்றாகும்.

எனினும் பெயர் நிலைத்தற்கு ஆக்கமும் அச்சும் மட்டும் போதியனவல்ல என்பதற்கு ஷூபேர்ட் (1797–1828) சான்றாவர். முப்பத்தொரு ஆண்டே வாழ்ந்து அறுநூற்றுக்கு மேற்பட்ட பாட்டுக்களை இயற்றிய அவருடைய பெரிய சிம்பனி ஒன்று, அவர் இறந்து பத்தாண்டு கழிந்த பின்னரும் தமையனார் வீட்டிற் கையெழுத்துக் கட்டாகவே கிடந்தது. அதனைக் கண்டெடுத்தவர் ஷூமான் (1810–1856). அவர் இசையாசிரியர் மட்டுமல்லர். 1834இல் ஓர் இசைச் சஞ்சிகையைத் தொடக்கிய விமர்சகருமாவர். 1839இல் மெண்டல்சோன் லைப்சிக் நகரில் அதனை அரங்கேற்றினார். பதிப்பாளர், கச்சேரி மண்டபம், சஞ்சிகை, விமர்சகர் ஆகிய இவையனைத்தும் சேர்ந்த அமைப்பையே இங்கு நினைவு நிறுவனம் எனக் குறிப்பிடுகின்றேன். ஐரோப்பிய மேதை என்னும் படிமம் இந்நிறுவனத்தின் விளைபொருளுமாகும்.

3

பீத்தோவன் இறந்த அதே 1827ஆம் ஆண்டிலேதான் தஞ்சையிற் சியாமா சாஸ்திரிகளும் (1762–1827) மறைந்தார். தியாகராசர் (1767–1847), முத்துசுவாமி தீட்சிதர் (1776–1835) ஆகியோரும் பீத்தோவனின் சமகாலத்தவரே. இவ்வொற்றுமையை வியந்து தியாகராசரைப் பீத்தோவனோடு ஒப்பிடும் வழக்கு நம்மிடையே உண்டு. ஆனால் ஆண்டொற்றுமை அடிப்படை ஒற்றுமையாகாது.

வியன்னாவில் அரசவை தளர்ந்தபோது அதன் இடத்தைச் சந்தை நிரப்பியது. தஞ்சையில் நிகழ்ந்தது வேறு. 1799இல் ஆட்சியதிகாரம் கம்பனியாரின் கைக்குச் சென்றது. சரபோசி மன்னருக்குக் கோட்டையும் அரச மரியாதையுமே எஞ்சின. 1855இல் அதுவும் முடிவுற்றது. அரசவைக்குப் பதிலாக அங்குக் கச்சேரி மண்டபமோ பதிப்பாளரோ தோன்றவில்லை. தியாகராசர் அரசவை அழைப்பை மறுத்து உஞ்சவிருத்தியால் வாழ்ந்தார் என்பது மரபு. தீட்சிதர் தலந்தோறும் சென்று இறுதியில் எட்டயபுரத்தில் மறைந்தார். முன்னவரின் மறுப்பைப் பீத்தோவனின் சுதந்திர வேட்கையோடு இணைத்துப் பேசுவோர், ஒருவர் சந்தையை நோக்கிச் சென்றார் என்பதையும் மற்றவர் பக்தியை நோக்கிச் சென்றார் என்பதையும் மறந்துவிடுகின்றனர்.

இங்கு நினைவைக் காத்தது சீடபரம்பரை. தியாகராசரின் கீர்த்தனங்கள் வாலாசாபேட்டை, உமையாள்புரம், தில்லைத்தானம் ஆகிய சீடமரபுகள் வழியாக வந்தன. தீட்சிதரின் ஆக்கங்கள் பெருமளவிற் சுரக்குறிப்போடு அச்சேறியது, அவர் மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னர், 1904இல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ மூலமேயாம். அம்முயற்சிக்கு அவரைத் தூண்டியவர்களுள் முக்கியமானவர் சின்னசாமி முதலியார் என்னும் தமிழ்க் கிறிஸ்தவர். அவர் அதற்கு முன்னரே கருநாடக இசையை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி வெளியிடத் தொடங்கியிருந்தார். ‘தூய மரபு’ எனப் போற்றப்படுவதன் பாதுகாப்பில் ஐரோப்பிய எழுத்துமுறைக்கும் ஒரு கிறிஸ்தவருக்கும் பங்குண்டு என்பது கருதத்தக்கது.

தீட்சிதரின் நொட்டுஸ்வர சாகித்தியங்கள் நம் விடயத்துக்கு மேலும் நெருக்கமானவை. சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த இளமைக் காலத்திற் கம்பனியாரின் பாண்டு வாத்தியக்குழு வாசித்த மெட்டுக்களைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்தார் அவர். இவ்வாறு ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் உள்ளன. ஆங்கில அரசனை வாழ்த்தும் கீதத்தின் மெட்டிலேயே ‘சந்ததம் பாஹிமாம்’ அமைந்தது. அவர் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். ஆயின் இதே காலத்தில், வழக்கிலிருந்த மெட்டிற்குப் புதிய சொற் புனைந்த கிராமத்து அண்ணாவியாரின் செயலை ‘மெட்டுக்குப் பாட்டு’ என இளக்காரமாகப் பேசுகின்றோம். ஒரே செயல் ஓரிடத்தில் மேதைமையின் விரிவாகவும் பிறிதோரிடத்திற் கற்பனை வறட்சியாகவும் மதிக்கப்படுமாயின், அம்மதிப்பீட்டின் அடிப்படை இசையன்று, சமூக அந்தஸ்தேயாகும்.

இவ்வகையில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ ஒரு திருப்பமாகும். ஷூமானின் தலைமுறையைச் சேர்ந்த பாரதியார், பண்ணையடிமையான ஒருவனைக் கதைத் தலைவனாக்கி, தெருப்பாட்டின் சிந்தையும் நொண்டியையும் கருநாடக இராகங்களோடு இணைத்தார். அந்நூல் 1860களின் தொடக்கத்திற் காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவால் அச்சேறியது. காரைக்கால் நம் தீவகத்துக்கு எதிர்க்கரை என்பதை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

4

யாழ்ப்பாணத் தீவகத்துக்குக் கொழும்பிலும் பார்க்கச் சோழமண்டலக்கரையே அண்மையானது. ஊர்காவற்றுறை பாய்க்கப்பற் காலத்துத் துறைமுகமாதலின், நாகபட்டினத்தோடும் வேதாரணியத்தோடும் அதற்குத் தொடர்பு இருந்துவந்தது. நெல்லும் புகையிலையும் பனம்பொருளும் சென்றுவந்த கடல்வழியிலே இசையும் வந்தது.

இத்தீவுகளின் பெயர்களே நம் பொருளுக்கு ஒரு முன்னுரையாகும். ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும், ஊர்காவற்றுறை அமைந்த தீவுக்கு லெய்டன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். 1795இல் அவர்கள் யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயரிடம் இழந்தனர். அப்பெயர்களுள் டெல்ஃப்ற் மட்டுமே ஆங்கில வழக்கில் நிலைத்தது. மக்கள் வழக்கில் நெடுந்தீவு நெடுந்தீவாகவே இருந்தது. எழுதுவோன் இடும் பெயர் ஒன்று. வாழ்வோன் வழங்கும் பெயர் வேறொன்று.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் ஆனித் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். சுவாமி வீதியுலா வரும்போது நாதசுரத்தில் எழுவனவற்றுட் பல தியாகராசரின் கீர்த்தனங்கள். நாதசுரத்திற் சொல் இல்லை. ஆகவே தெலுங்குச் சாகித்தியமா தமிழ்ச் சாகித்தியமா என 1940களில் தமிழிசை இயக்கம் எழுப்பிய வாதம் அவ்வீதியில் எழுவதில்லை. கேட்போருட் பெரும்பாலோர் இராகத்தை இனங்காண்பர். வாசிப்பவரின் கைவண்ணத்தைப் புகழ்வர். இயற்றியவர் யாரெனக் கேட்பதில்லை. சென்னைச் சபாக்களில் மும்மூர்த்திகளுள் ஒருவராக வீற்றிருக்கும் தியாகராசர் நயினாதீவு வீதியிற் பெயரற்ற அண்ணாவியாராகிவிடுகின்றார். பெயர் இசைக்குள் இருப்பதன்று, அதனைக் கேட்கும் அமைப்பிலிருந்து வருவது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இனி மெலிஞ்சிமுனை முதலிய கத்தோலிக்கக் கரையோர ஊர்களின் கூத்து. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கத் தென்மோடிக் கூத்தில் ஆட்டத்தைவிடப் பாட்டே மேலோங்கி நிற்கும். விருத்தம், கொச்சகம், கலித்துறை, சிந்து, தரு என ஒவ்வொரு பாவகைக்கும் உரிய பாடுமுறை உண்டு. அரசன் வரவுக்கு ஒரு மெட்டு, வேதசாட்சியின் பிரார்த்தனைக்கு ஒரு மெட்டு, தாயின் புலம்பலுக்கு ஒரு மெட்டு என அண்ணாவியார் பகுத்தறிந்து பழக்குவார். பகலிற் கடற்றொழில் செய்தோர் இரவிற் கூடி, மாதக்கணக்கிற் பயின்று, வெள்ளுடுப்பு முடித்து அரங்கேறுவர். ஏட்டிலும் பின்னர்க் கொப்பியிலும் எழுதப்பெற்றது சொல் மட்டுமே. மெட்டு அண்ணாவியாரின் தொண்டையில் இருந்தது. சொல்லை யாத்த புலவரின் பெயர் காப்பிலோ மங்களத்திலோ ஒருகால் எஞ்சும். மெட்டை அமைத்தவருக்கு அதுவும் இல்லை.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். பெயரின்மை ஒரு சமூக விபத்தாயின், அண்ணாவியாரின் தருவும் ஒன்பதாம் சிம்பனியும் சமமானவை என்பதா? அன்று. குறியீட்டெழுத்து நினைவுக் கருவி மட்டுமன்று, சிந்தனைக் கருவியுமாகும். பல்குரல் இணைந்து ஒரு மணிநேரத்துக்கு மேல் வளர்ந்து செல்லும் கட்டமைப்பை எழுதாமல் நினைத்தல் அரிது. அவ்வாறே, எழுதப்படாமையால் விளையும் வளமும் ஒன்றுண்டு. பாடுவோனின் குரலுக்கும் அவைக்கும் ஏற்ப நீளவும் குறுகவும் நெகிழவும் வல்ல மெட்டு, அச்சேறியவுடன் அந்நெகிழ்ச்சியை இழக்கும். சமத்துவம் பேசி வேறுபாட்டை மறைத்தல் விமர்சனமாகாது. வேறுபாட்டைத் தரப்படுத்தலாக மாற்றுதலும் விமர்சனமாகாது.

கூத்தை இலட்சிய மயமாக்குதலும் தவறே. யார் அரசவேடம் புனையலாம், யார் மேடைக்கு அருகில் இருக்கலாம் என்பதைச் சாதி வரையறுத்த காலம் நெடியது. கோவில் வீதியில் நாதசுரத்துக்குக் கிடைத்த இடம் பறைக்குக் கிடைக்கவில்லை. பெயரற்றவருள்ளும் பெயரே மறுக்கப்பட்டவர் உளர்.

5

1829ஆம் ஆண்டு பங்குனி 11ஆம் நாள், இருபது வயதினரான மெண்டல்சோன் (1809–1847) பேர்ளினிற் பாக் (1685–1750) இயற்றிய மத்தேயு வழிப் பாடுகளின் இசையை மீண்டும் அரங்கேற்றினார். 1727இல் லைப்சிக் கோவில் வழிபாட்டுக்கென இயற்றப்பெற்ற அவ்விசை, பாக்கின் மறைவுக்குப் பின் பொதுமக்கள் அறியாத கையெழுத்துப் படியாகிவிட்டது. ஐரோப்பிய இசை வரலாற்றின் பெரிய மறுமலர்ச்சி நிகழ்வாக அவ்வரங்கேற்றம் கருதப்படுகின்றது.

பாக்கின் சமகாலத்தவர் ஒருவர் அதே பாடுகளின் கதையை இலங்கைத் தமிழருக்குத் தந்திருந்தார். 1705இல் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவா நகரிலிருந்து, இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளே (1676–1742) அவர். கத்தோலிக்க சமயம் ஒல்லாந்தராற் தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலே தமிழிலும் சிங்களத்திலும் அவர் எழுதினார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்திற் கத்தோலிக்க ஊர்களில் நெஞ்சுருக்கும் இராகத்தோடு வாசிக்கப்பட்டும், இடையிடையே புலம்பலாகப் பாடப்பட்டும் வந்தது. அதற்கு மறுமலர்ச்சி தேவைப்படவில்லை. ஏனெனில் அது வழக்கொழியவில்லை. மறக்கப்பட்டு மீட்கப்பட்டது வரலாற்றில் இடம்பெற்றது. மறக்கப்படாமல் வாழ்ந்தது வரலாற்றில் இடம்பெறவில்லை. இம்முரண் நம் இசை வரலாற்றெழுத்தின் குறைபாட்டைச் சுட்டி நிற்கின்றது.

மெண்டல்சோனின் முயற்சிக்கு நம்மிடையே ஒப்பு உண்டு. 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் (1924–1989) ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். மன்னார்க் கத்தோலிக்க நாடக ஏடுகளையும் பதிப்பித்தார். படித்தவர் இழிவாக நோக்கிய கூத்து அவர் முயற்சியாற் கலையென ஏற்கப்பட்டது. இரு முயற்சிகளுக்கும் பொதுவான ஒரு விலையும் உண்டு. மெண்டல்சோன் பாக்கின் இசையிற் பெரும் பகுதியைக் குறைத்து, வழிபாட்டிலிருந்து கச்சேரிக்கு மாற்றினார். வித்தியானந்தன் விடியவிடிய நடந்த கூத்தைச் சில மணிநேரத்துக்குச் சுருக்கி, களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு மாற்றினார். மீட்பு எப்பொழுதும் தெரிவுமாகும்.

ஆயினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. மெண்டல்சோன் வெட்டியவற்றைப் பிற்காலத்தவர் திரும்பச் சேர்க்க முடிந்தது. முழுமையான இசையெழுத்து அவர்களிடம் இருந்தது. நம்மிடம் அச்சேறியது பாடமே. மெட்டுக்கள் தொடர்ந்தும் அண்ணாவிமாரின் தொண்டையிலேயே விடப்பட்டன. கைலாசபதியும் சிவத்தம்பியும் வளர்த்த சமூகவியல் நோக்கு இலக்கியத்துக்கும் நாடகத்துக்கும் பெருந்தொண்டாற்றியது. அந்நோக்கு இசையின் பக்கம் போதிய அளவு திரும்பவில்லை. இது முற்போக்கு விமர்சனத்தின் நிறைவேறாத கடன்களுள் ஒன்றாகும்.

6

இக்கடன் இனியும் பிற்போடத்தக்கதன்று. வியன்னாவின் நினைவு நிறுவனம் அச்சகமும் மண்டபமும், தஞ்சையினது சீடபரம்பரை, தீவகத்தினது ஊர். அவ்வூரே 1990, 1991ஆம் ஆண்டுகளிற் குலைந்தது. போரின் காரணமாக ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய பகுதிகளின் மக்களிற் பெருந்தொகையினர் ஒருசில நாட்களிலே இடம்பெயர்ந்தனர். குடாநாட்டிலும் வன்னியிலும், பின்னர்ப் பாரிசிலும் ரொறன்ரோவிலும் அவர்கள் சிதறினர். திரும்பியோர் சிலர். இராகமறிந்த முதியவர் ஓரிடத்தும், மத்தளக்காரர் இன்னோரிடத்தும், கொப்பி வேறோரிடத்தும் ஆனபின் மெட்டு எங்கே வாழும்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களின் இழப்பை நாம் கணக்கிட்டோம். பாடுவோருடன் மறைந்த மெட்டுக்களுக்குக் கணக்கு இல்லை.

கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980) ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிக்கிடந்த தொடக்ககாலத் தமிழ் அச்சு நூல்களை அறிஞருலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். தமிழ் எழுத்துக்கு அத்தீவின் மைந்தர் செய்ததைத் தமிழ் இசைக்கு, அத்தீவின் இசைக்கே, நம் பல்கலைக்கழகங்கள் செய்தல் வேண்டும். பணி தெளிவானது. எஞ்சியுள்ள அண்ணாவிமாரையும் வியாகுலப் பிரசங்கம் வாசிப்போரையும் நாடிச் சென்று அவர்களது குரலை ஒலிப்பதிவு செய்தல். ஒவ்வொரு மெட்டையும் சுரக்குறிப்பில் எழுதுதல். பாடியவர், பழக்கியவர், ஊர் ஆகிய விபரங்களைத் தவறாது குறித்தல். ஒரே தருவை இருவர் வேறுவிதமாகப் பாடின் இரண்டையும் காத்தல். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. செவியும் பொறுமையும் வேண்டும்.

குரூபரிடம் எவரோ கடிதமெழுதிக் கேட்டனர். அவர் உயிரோடிருந்தமையால் விடையெழுதினார். ஆதலால் ஒரு நெசவாளியின் மகனது பெயர் இன்று அவர் பாட்டோடு சேர்ந்து நிற்கின்றது. நம் அண்ணாவிமாரிடம் கேட்பதற்குரிய காலம் முற்றாகக் கழிந்துவிடவில்லை. கேட்க வேண்டியவர் நாமே.